பணியில் இருந்தபடியே பட்டம்: பினாங்கில் தாதியருக்கும் சமூகப் பராமரிப்புப் பணியாளருக்கும் ஒரு வழிகாட்டி

பினாங்குப் பெரிய மருத்துவமனையிலும் செபராங் ஜெயா மருத்துவமனையிலும், தீவிலுள்ள தனியார் மருத்துவமனைகளிலும், முதியோர் இல்லங்களிலும், தொண்டு அமைப்புகளிலும் வேலை பார்க்கும் நம்மவர்களில் பலர் டிப்ளோமாவோடு பணியில் சேர்ந்தவர்கள். சில ஆண்டுகள் கழித்து மேற்கொண்டு படிக்கலாமா என்ற எண்ணம் எழும்போது, அவர்கள் முதலில் செய்வது விளம்பரங்களைப் பார்ப்பதும் கட்டணங்களை ஒப்பிடுவதும்தான். இந்தக் கட்டுரை அந்த வரிசையை மாற்றச் சொல்கிறது. ஷிஃப்ட் முறையில் வேலை பார்ப்பவர்களின் படிப்பு பாதியில் நிற்கும்போது, நான் அறிந்தவரையில், பாடம் கடினம் என்பது அரிதாகவே காரணமாக இருக்கிறது. டியூட்டி ரோஸ்டரும் வகுப்பு அட்டவணையும் மோதிக்கொள்வதே பெரும்பாலும் காரணம். ஆகவே எந்தத் தகுதி வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அடுத்து ரோஸ்டரை ஒழுங்குபடுத்துங்கள். பல்கலைக்கழகத்தைத் தேடுவது அதற்குப் பிறகு.

எந்தத் தகுதி, எதற்காக

பதிவு பெற்ற தாதியருக்கு இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று, தீவிர சிகிச்சை, சிறுநீரகப் பராமரிப்பு, பேறுகாலப் பராமரிப்பு போன்ற ஒரு துறையில் தேர்ச்சி தரும் போஸ்ட் பேசிக் பயிற்சி. மற்றொன்று, தாதிமை அறிவியல் இளங்கலைப் பட்டம். டயாலிசிஸ் பிரிவிலேயே தொடர்ந்து இருக்க விரும்புபவருக்கு முதலில் பயன்படுவது போஸ்ட் பேசிக். பயிற்றுநராகவோ நிர்வாகியாகவோ ஆய்வாளராகவோ ஆக விரும்புபவருக்குப் பட்டம் இல்லாமல் வழியில்லை. இரண்டையும் ஒரே ஆண்டில் தொடங்க நினைப்பவர்களுக்கு வேண்டாம் என்றே சொல்வேன்.

அரசுப் பணியில் இருப்பவர்கள் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். டிப்ளோமா தகுதியுடைய தாதியரின் பழைய யு29 தரம், 2024 டிசம்பர் 1 முதல் நடப்புக்கு வந்த புதிய சம்பளத் திட்டத்தில் யு5 ஆனது. பட்டதாரிகளின் யு41 தரம் யு9 ஆனது. பகுதிநேரமாகப் படித்துப் பட்டம் பெற்ற மறுநாளே யு5-இல் இருப்பவர் யு9-க்கு மாறிவிடுவதில்லை. காலியிடம் வர வேண்டும், விண்ணப்பிக்க வேண்டும், நேர்முகத் தேர்வில் தேற வேண்டும். சம்பள உயர்வு ஒன்றையே நம்பிக் கடன் வாங்கிப் படிக்கத் தொடங்குபவர் இந்த இடைவெளியையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஒவ்வொரு தொழிலினருக்கும் அவரவர் சட்டமே எல்லை வகுக்கிறது. தாதியருக்கு 1950-ஆம் ஆண்டின் தாதியர் சட்டமும், மருத்துவ உதவி அதிகாரிகளுக்கு 1977-ஆம் ஆண்டின் சட்டமும் உள்ளன. உடலியக்கச் சிகிச்சையாளர், தொழில்வழிச் சிகிச்சையாளர், உணவியல் நிபுணர், மருத்துவச் சமூகப் பணி அதிகாரி உள்ளிட்ட 23 தொழில்கள், 2020 ஜூலை 1 அன்று நடப்புக்கு வந்த 2016-ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டத்தின் கீழ் வருகின்றன. ஆலோசகர் ஆக விரும்புபவர் 1998-ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டத்தின்படி பதிவு பெற வேண்டும். நீங்கள் தேர்ந்தெடுக்கும் பட்டம் உங்கள் தொழிலைப் பதிவு செய்யும் வாரியம் ஏற்கும் பட்டம்தானா என்பதை அந்த வாரியத்திடமே எழுத்து மூலம் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். ஆலோசனைத் துறையில் இது மிகவும் முக்கியம். உளவியல் பட்டமும் ஆலோசனைப் பட்டமும் ஒன்றுதான் என்று எண்ணிச் சேர்ந்துவிட்டு, மூன்றாம் ஆண்டில் பதிவு கிடைக்காது என்று அறிபவர்கள் இருக்கிறார்கள்.

ரோஸ்டரைப் படியுங்கள்

அரசு மருத்துவமனைகளில் காலை 7 முதல் பிற்பகல் 2 வரை, பிற்பகல் 2 முதல் இரவு 9 வரை, இரவு 9 முதல் காலை 7 வரை என மூன்று ஷிஃப்டுகள் வழக்கம். சில தனியார் மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் 12 மணி நேர ஷிஃப்ட் நடக்கிறது. கடந்த மூன்று மாத ரோஸ்டரை எடுத்து மேசையில் வைத்து, எத்தனை சனி, ஞாயிறுகளில் வேலை இருந்தது, இரவுப் பணி எத்தனை நாள் தொடர்ந்தது, ஒருவர் விடுப்பு எடுத்ததால் உங்கள் ஓய்வு நாள் எத்தனை முறை பறிபோனது என்று குறியுங்கள். பகுதிநேரப் படிப்புகளின் நேரடி வகுப்புகள் பெரும்பாலும் வார இறுதியிலும், இணைய வகுப்புகள் வார நாள் இரவுகளிலும் வைக்கப்படுவதால், நீங்கள் எந்த வகைப் படிப்பைத் தாங்குவீர்கள் என்பதை இந்தக் குறிப்பே சொல்லிவிடும். இரவு ஷிஃப்ட் அதிகம் உள்ளவருக்கு, பதிவு செய்த விரிவுரையைத் தமக்கு வசதியான நேரத்தில் பார்க்க இடமளிக்கும் படிப்பே பொருந்தும்.

அடுத்தது மேலாளரிடம் பேசுவது. இதை விண்ணப்பத்துக்கு முன் செய்யுங்கள். பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிட்டு, ஒவ்வொரு வாரமும் வார்ட் சிஸ்டரிடம் போய் "இந்தச் சனிக்கிழமை ஓஃப் வேண்டும்" என்று கேட்பவருக்கு இரண்டாம் மாதத்திலேயே முகம் கொடுத்துப் பேச ஆளிருக்காது. முழுப் பருவத்தின் வகுப்பு நாள்கள், இடுபணி ஒப்படைக்கும் நாள்கள், தேர்வு நாள்கள் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி, ரோஸ்டர் போடுவதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள். அதோடு, அந்த நாள்களுக்கு ஈடாக எந்த நாள்களில் நீங்கள் வேலை செய்யத் தயார் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். சீனப் புத்தாண்டிலும் ஹரி ராயாவிலும் மற்றவர்கள் விடுப்புக் கேட்பார்கள். அந்த நாள்களை நீங்கள் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னால் பேச்சு எளிதாக முடியும். நம்முடைய தைப்பூசமும் தீபாவளியும் வேறு கதை. தைப்பூசம் ஜனவரி பருவத்தின் தொடக்கத்திலும், தீபாவளி செப்டம்பர் பருவத்தில் இடுபணிகள் குவியும் நேரத்திலும் வரும். திருவிழாவுக்கும் தேர்வுக்கும் இருமுறை விடுப்புக் கேட்டால் ஒன்றுதான் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டு, எது வேண்டும் என்பதை ஆண்டின் தொடக்கத்திலேயே வீட்டாரோடு பேசி முடிவு செய்துவிடுவது நல்லது.

அரசு ஊழியர்கள் துறைத் தலைவரின் எழுத்துபூர்வ அனுமதியைப் பெற்று, அதன் நகலைப் பத்திரப்படுத்த வேண்டும். தேர்வு நாளுக்குப் பதிவில்லா விடுப்பு, அதாவது ஆண்டு விடுப்பில் கழிக்கப்படாத விடுப்பு, கோரவும் அவர்களுக்கு இடமுண்டு. ஆனால் தேர்வு அட்டவணையோடு முன்கூட்டியே விண்ணப்பித்தால்தான் அது நடக்கும். தனியார் மருத்துவமனையில் இருப்பவர்கள் பணியாளர் கையேட்டில் கல்வி விடுப்பு என்ற பகுதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஆண்டு விடுப்பில் எத்தனை நாளைத் தேர்வுக்கு ஒதுக்கலாம் என்று இப்போதே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பு குறித்து ஒரு சொல். இரவு ஷிஃப்ட் முடிந்து காலை 7 மணிக்கு வெளியே வந்து, அப்படியே காரை எடுத்துப் பாலத்தைக் கடந்து வகுப்புக்குப் போவதைப் பழக்கமாக்கிக்கொள்ளாதீர்கள். பினாங்குப் பாலம் 13.5 கிலோமீட்டர்; 2014-இல் திறக்கப்பட்ட இரண்டாவது பாலம் 24 கிலோமீட்டர். தூக்கம் கண்ணைச் செருகும் நேரத்தில் அது சின்னத் தூரமல்ல. பட்டர்வொர்த் பக்கம் வேலை பார்த்துத் தீவில் வகுப்புள்ளவர், ஃபெரியில் கார்கள் ஏறுவதில்லை என்பதையும் மனத்தில் வைத்து, அந்த நாளுக்குப் பேருந்தையோ நண்பரின் வண்டியையோ ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். அதைவிட நல்லது, வகுப்புக்கு முந்தைய இரவு டியூட்டியே விழாதபடி ரோஸ்டர் தாளில் எழுதிக் கொடுத்துவிடுவது.

மணிக்கணக்கு

மலேசியாவில் ஒரு கிரெடிட் என்பது 40 மணி நேரக் கற்றல். வகுப்பு, வாசிப்பு, இடுபணி, தேர்வுத் தயாரிப்பு, தேர்வு எல்லாம் அதில் அடங்கும். 3 கிரெடிட் பாடம் ஒன்றுக்கு 120 மணி நேரம்; 14 வாரப் பருவத்தில் வாரத்துக்கு ஏறக்குறைய எட்டரை மணி நேரம். இரண்டு பாடம் எடுத்தால் வாரத்துக்கு 17 மணி நேரம், மூன்று பாடம் எடுத்தால் 26 மணி நேரம். வாரத்துக்கு 45 மணி நேரம் வேலை பார்த்து, சமையலும் பிள்ளைகளின் பள்ளி வேலையும் கவனிப்பவர் மூன்று பாடம் எடுக்கலாம் என்று விற்பனைப் பிரிவினர் சொன்னால், அந்த 26 மணி நேரம் எங்கிருந்து வரும் என்று அவரிடமே கேளுங்கள்.

இளங்கலைப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட் தேவை. ஆண்டுக்கு மூன்று பருவம் நடத்தும் நிறுவனத்தில், பருவத்துக்கு இரண்டு பாடம் வீதம் எடுத்தால் ஆண்டுக்கு 18 கிரெடிட் முடியும். முந்தைய டிப்ளோமாவுக்காக 30 கிரெடிட் கழிக்கப்பட்டால் மீதி 90, அதாவது ஐந்து ஆண்டுகள். இது நீண்ட காலம்தான். ஆனாலும் மூன்று ஆண்டில் முடிப்பதாகத் திட்டமிட்டு, இரண்டாம் ஆண்டில் பாடங்களில் தவறி, மறுபதிவுக் கட்டணமும் கட்டி ஆறாம் ஆண்டில் முடிப்பதைவிட ஐந்து ஆண்டுத் திட்டம் மலிவானது. டிப்ளோமாவுக்கு எத்தனை கிரெடிட் கழிப்பார்கள் என்பதைச் சேரும் முன்பே எழுத்தில் பெறுங்கள். வாய்மொழியாகச் சொன்ன எண்ணிக்கையும் சேர்க்கைக் கடிதத்தில் வரும் எண்ணிக்கையும் வேறுபடுவது புதிதல்ல.

இப்போது பல்கலைக்கழகம்

பினாங்கில் இருப்பவர் கண்முன் முதலில் தெரிவன இரண்டு. ஜார்ஜ் டவுன் சுல்தான் அஹ்மட் ஷா சாலையில் இருக்கும் வாவாசான் திறந்தவெளிப் பல்கலைக்கழகம், வேலை பார்ப்பவர்களுக்காகவே தொடங்கப்பட்ட தொலைநிலைப் பல்கலைக்கழகம். அது 2007-இல் முதல் மாணவர்களைச் சேர்த்தது. மிண்டனில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 1969-இல் நிறுவப்பட்டு, 1971-லேயே வளாகத்துக்கு வெளியிலான படிப்பைத் தொடங்கியது. நாட்டில் சமூகப் பணிக் கல்வி 1975-இல் அங்குதான் தொடங்கியது. புதியவர்கள் இங்கே ஒரு குழப்பத்துக்கு ஆளாவதுண்டு. அந்தப் பல்கலைக்கழகத்தின் தாதிமைப் பட்டப்படிப்பு மிண்டனில் இல்லை, கிளந்தானின் குபாங் கெரியான் வளாகத்தில் இருக்கிறது. பதிவு பெற்ற தாதியருக்கான பகுதிநேரத் தாதிமை அறிவியல் பட்டத்தை நீண்ட காலமாக நடத்திவருவது, 2000-இல் நிறுவப்பட்ட மலேசியத் திறந்தவெளிப் பல்கலைக்கழகம். அதன் தலைமையகம் கிளனா ஜெயாவில் இருந்தாலும் பினாங்கில் கற்றல் மையம் உண்டு. ஜனவரி, மே, செப்டம்பர் என ஆண்டுக்கு மூன்று சேர்க்கை நடக்கிறது. கோலாலம்பூரில் இருக்கும் வாசகர்களுக்கு லெம்பா பந்தாயில் மலாயாப் பல்கலைக்கழகமும், செராஸிலும் ராஜா மூடா அப்துல் அஸீஸ் சாலையிலும் தேசியப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ, சுகாதாரப் பிரிவுகளும் அருகில் இருப்பதால் முதுகலைப் படிப்புக்கு வாய்ப்புகள் கூடுதல்.

எந்த நிறுவனமாக இருந்தாலும் எம்கியூஏ எனப்படும் மலேசியத் தகுதி முகவாண்மையின் பதிவேட்டை நீங்களே திறந்து பாருங்கள். அது இணையத்தில் யாரும் பார்க்கக்கூடிய பதிவேடு. அதில் படிப்பின் பெயர், விளம்பரத்தில் உள்ள பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். முழு அங்கீகாரமா, இடைக்கால அங்கீகாரம் மட்டுமா என்பதையும், அங்கீகாரம் முழுநேரப் படிப்புக்கா, பகுதிநேரத்துக்கா, தொலைநிலைக்கா என்பதையும் பாருங்கள். முழுநேர முறைக்கு அங்கீகாரம் பெற்ற படிப்பை வார இறுதியில் நடத்துவதாகச் சொல்லும் இடத்தில் நின்று நிதானித்துக் கேட்க வேண்டும். தாதிமைப் படிப்புக்குத் தாதியர் வாரியத்தின் ஒப்புதலையும் தனியே உறுதிப்படுத்த வேண்டும். "இன்றே பதிந்தால் பதிவுக் கட்டணம் தள்ளுபடி" என்று தொலைபேசியில் அவசரப்படுத்தும் முகவரிடம், பதிவேட்டு எண்ணை அனுப்பும்படி கேளுங்கள். அனுப்பினால் பேசலாம், அனுப்பாவிட்டால் அழைப்பை அத்தோடு முடித்துக்கொள்ளலாம்.

டிப்ளோமா இல்லாதவர்களுக்கு

முதியோர் இல்லத்திலோ மாற்றுத் திறனாளிகள் மையத்திலோ பத்து ஆண்டு வேலை பார்த்தவர், எஸ்பிஎம்மோடு நின்றுவிட்டவராக இருந்தாலும், வாசல் மூடிவிடவில்லை. அனுபவக் கல்விக்கு ஏற்பளிக்கும் ஏபெல் முறையில், 21 வயதைக் கடந்தவரும் தொடர்புடைய பணி அனுபவம் உள்ளவரும் இளங்கலைப் படிப்புக்கான நுழைவு மதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். திறனறித் தேர்வும் அனுபவத்தை நிரூபிக்கும் கோப்பும் அதில் பார்க்கப்படும். ஏபெல்லின் மற்றொரு பிரிவு, ஏற்கெனவே வேலையில் கற்றதற்காகப் பாடங்களைக் கழித்துக்கொள்ள உதவுகிறது. அதன் உச்ச அளவு மொத்தக் கிரெடிட்டில் 30 விழுக்காடு. ஆனால் இந்த வழியில் பதிவு பெற்ற தாதியாகிவிட முடியாது. உளவியல், சமூக அறிவியல், நிர்வாகம் போன்ற படிப்புகளுக்கே இது பொருந்தும். பட்டம் தொலைவில் தெரிந்தால், முதலில் திறன் மேம்பாட்டு இலாகாவின் மலேசியத் திறன் சான்றிதழைப் பெறுங்கள். முந்தைய பணித் திறனை ஆவணக் கோப்பின் மூலம் நிரூபித்தே அச்சான்றிதழைப் பெறும் வழியும் அங்கு உண்டு.

கோப்புக்கான ஆதாரங்களை இன்றிலிருந்தே சேருங்கள். பணி நியமனக் கடிதம், ஊழியர் சேமநிதி அறிக்கை, பயிற்சிப் பட்டறைச் சான்றுகள், நீங்கள் தயாரித்த பராமரிப்புத் திட்டங்களின் பெயர் நீக்கிய படிகள், மேலாளரின் கடிதம் எல்லாம் உதவும். பல சிறிய இல்லங்களில் நியமனக் கடிதமே தருவதில்லை; அப்படியானால் சேமநிதி அறிக்கைதான் உங்கள் பத்தாண்டுக்குச் சாட்சி.

பணம்

ஊழியர் சேமநிதியின் சேஜாத்ரா கணக்கிலிருந்து சொந்தக் கல்விக் கட்டணத்துக்குப் பணம் எடுக்க இடமுண்டு. சேர்க்கைக் கடிதமும் கட்டண விவரமும் வேண்டும். ஒரே முறையில் முழுத் தொகையையும் எடுக்காமல், அந்தந்த ஆண்டுக்குத் தேவையானதை மட்டும் எடுங்கள். மீதி அங்கேயே இருந்தால் லாப ஈவு சேரும். நடுவில் படிப்பை நிறுத்த நேர்ந்தாலும் இழப்புக் குறைவு. பிடிபிடிஎன் எனப்படும் தேசிய உயர்கல்விக் கடன் நிதியின் கடனுக்கு உங்கள் படிப்பும் அதன் பகுதிநேர முறையும் தகுதி பெறுகின்றனவா என்று பல்கலைக்கழக நிதிப் பிரிவிடம் கேட்ட பிறகே அந்தப் பணத்தை நம்பித் திட்டமிடுங்கள். வருமான வரியில் சொந்தக் கல்விக்கு 7,000 ரிங்கிட் வரை விலக்கு உண்டு. முதுகலை, முனைவர் படிப்புகளுக்குத் துறைக் கட்டுப்பாடு இல்லை. இளங்கலைக்குக் குறிப்பிட்ட துறைகளுக்கு மட்டுமே உண்டு. ரசீதுகளை ஏழு ஆண்டு வைத்திருங்கள்.

முதலாளி கட்டணம் செலுத்த முன்வருவது மகிழ்ச்சியான செய்திதான். பத்து அல்லது அதற்கு மேற்பட்ட மலேசியர்களை வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனங்கள் மனித வள மேம்பாட்டு நிதிக்குச் சம்பளத்தில் 1 விழுக்காடு செலுத்துகின்றன. உங்கள் படிப்பை அந்த நிதியிலிருந்து ஆதரிக்க இயலுமா என்று மனிதவளப் பிரிவிடம் கேட்டுப் பாருங்கள். ஆனால் பணம் வரும் இடத்தில் பத்திரமும் வரும். எத்தனை ஆண்டு பணியாற்றக் கட்டுப்படுகிறீர்கள், அந்த ஆண்டுகள் படிப்பு தொடங்கிய நாளிலிருந்து எண்ணப்படுமா முடிந்த நாளிலிருந்தா, இடையில் விலகினால் முழுத் தொகையா மீதிக் காலத்துக்கு ஏற்பவா, பாடத்தில் தவறினால் யார் கட்டுவது, பிணையாளர் எத்தனை பேர் என்ற ஐந்துக்கும் பதில் எழுத்தில் இல்லாத பத்திரத்தில் கையெழுத்திட வேண்டாம். அண்ணனையோ மாமாவையோ பிணையாளராக இழுக்கும் முன், அவரும் பத்திரத்தை முழுவதுமாகப் படிக்கட்டும்.

விண்ணப்பம்

இதில் சொல்ல அதிகமில்லை. டிப்ளோமா, மதிப்பெண் பட்டியல், வாரியப் பதிவுச் சான்று, நடப்பு ஆண்டின் பணி உரிமம், பணியிடக் கடிதம் ஆகியவற்றின் சான்றளிக்கப்பட்ட நகல்கள் போதும். பெயர் மட்டும் கவனம். அனாக் லெலாக்கி, அனாக் பெரெம்புவான் குறிகளோடும் தந்தை பெயரின் எழுத்துக்கூட்டலோடும் நம் பெயர்கள் ஒவ்வோர் ஆவணத்திலும் ஒவ்வொரு விதமாக இருக்கும். மைகார்டில் உள்ளபடியே பதியச் சொல்லி, மற்ற ஆவணங்களில் வேறுபாடு இருந்தால் சேரும்போதே உறுதிமொழிப் பத்திரம் கொடுத்துவிடுங்கள். பட்டமளிப்புக்குப் பிறகு சான்றிதழில் ஓர் எழுத்தைத் திருத்துவது பல மாத வேலை.

முதல் பருவம்

முதல் பருவத்தில் இரண்டு பாடத்துக்கு மேல் எடுக்காதீர்கள். வகுப்பு தொடங்குவதற்கு முந்தைய வாரத்தில் கற்றல் தளத்தில் நுழைந்து, நூலகக் கணக்கை இயக்கி, ஓர் ஆய்வுக் கட்டுரையைத் தேடிப் பதிவிறக்கிப் பாருங்கள். இதை முதல் இடுபணி இரவில் கற்றுக்கொள்ள முயல்பவர்கள்தான் விடிய விடிய விழித்திருக்கிறார்கள்.

டிப்ளோமாப் படிப்பில் சரியான விடையை எழுதினால் போதும். பட்டப்படிப்பில் அந்த விடைக்கு ஆதாரம் எங்கே, அந்த ஆதாரம் எவ்வளவு வலுவானது, உங்கள் வார்டுக்கு அது பொருந்துமா என்று கேட்பார்கள். பத்தாண்டு அனுபவமுள்ள தாதி, "நாங்கள் எப்போதும் இப்படித்தான் செய்கிறோம்" என்று எழுதி மதிப்பெண் இழப்பது இங்குதான். அனுபவத்தைக் கேள்வியாக மாற்றுங்கள். படுக்கைப் புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைத் திருப்பிப் படுக்க வைப்பது உங்கள் வார்டின் வழக்கம் என்றால், ஏன் இரண்டு மணி நேரம், எல்லா நோயாளிக்கும் அதே இடைவெளியா, மெத்தையின் வகையால் அது மாறுமா என்று தேடத் தொடங்குங்கள். நல்ல இடுபணி அப்படித்தான் பிறக்கிறது.

மொழி குறித்தும் பேச வேண்டும். தமிழ்ப்பள்ளியிலும் பிறகு தேசிய மொழியிலும் படித்து வந்தவர்களுக்கு ஆங்கில ஆய்வுக் கட்டுரை முதலில் மலைப்பாகவே இருக்கும். கட்டுரையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்காதீர்கள். சுருக்கத்தைப் படித்து, முடிவுரைக்குப் போய், பிறகு முறையியலுக்குத் திரும்புங்கள். அதே படிப்பில் உள்ள இரண்டு மூன்று தமிழ் நண்பர்கள் சேர்ந்து, ஒரு கட்டுரையைத் தமிழில் ஒருவருக்கொருவர் விளக்கிச் சொல்லிவிட்டுப் பிறகு தனித்தனியே ஆங்கிலத்தில் எழுதினால், கருத்தும் தெளியும், எழுத்தும் அவரவருடையதாக இருக்கும். ஒருவர் எழுதியதை மற்றவர் சொல் மாற்றி ஒப்படைப்பது வேறு. ஒப்புமை காட்டும் மென்பொருள் அதைக் கண்டுபிடித்துவிடும். கல்வி நேர்மை மீறலாகப் பதிவானால் அது தொழில்முறைப் பதிவையும் பாதிக்கலாம்.

இடுபணியில் நோயாளியின் கதையை எழுதும்போது பெயர், அடையாள அட்டை எண், படுக்கை எண், அனுமதிக்கப்பட்ட தேதி எதுவும் வரக் கூடாது. பினாங்கு சிறிய ஊர். "பாலிக் புலாவைச் சேர்ந்த, இரட்டைப் பிள்ளைகள் உள்ள, ரப்பர் தோட்டத்து ஓய்வுபெற்ற கங்காணி" என்று எழுதினால் பெயர் இல்லாமலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். நோயாளிக் குறிப்புகளை இணையக் கருவிகளில் ஒட்டிச் சுருக்கித் தரச் சொல்வதும், வார்ட் வாட்ஸ்அப் குழுவின் படங்களை எடுத்து ஒட்டுவதும் இதே தவறுதான்.

வீட்டில் யாரேனும் நோயுற்றாலோ வார்டில் ஆள் குறைந்தாலோ பருவத்தை ஒத்திவைக்க விண்ணப்பியுங்கள். ஒத்திவைப்புக்கு ஒரு கடைசி நாள் உண்டு. அதற்குள் விண்ணப்பித்தால் கட்டணத்தின் பெரும்பகுதி காப்பாற்றப்படும். சொல்லாமல் வகுப்பை விட்டு மறைந்துபோனால், தவறிய பாடமும் கட்டணப் பாக்கியும் சேர்ந்தே நிற்கும். படிப்பை முடிக்க உச்ச வரம்பு எத்தனை ஆண்டு என்பதையும், ஒத்திவைத்த பருவங்கள் அந்த வரம்பில் எண்ணப்படுமா என்பதையும் முதல் பருவத்திலேயே கேட்டு வையுங்கள்.

களப்பயிற்சியும் ஆய்வும்

பகுதிநேர மாணவர்கள் மிகவும் சிக்கிக்கொள்ளும் இடம் இது. முதலாண்டிலேயே இதற்கு ஆயத்தமாக வேண்டும். சமூகப் பணிப் படிப்பில் களப்பயிற்சி, தகுதி பெற்ற மேற்பார்வையாளரின் கீழ், பெரும்பாலும் வார நாள்களில், தொடர்ச்சியாகப் பல வாரம் நடக்கும். மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் செய்து முடித்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். நீங்கள் வேலை பார்க்கும் இடத்திலேயே பயிற்சியைச் செய்ய அனுமதி கிடைத்தாலும், வேறு பிரிவில், உங்கள் நேரடி மேலாளரல்லாத ஒருவரின் மேற்பார்வையில் செய்யும்படி கேட்பார்கள் என்று எதிர்பாருங்கள். சம்பளமில்லா விடுப்பு தேவைப்பட்டால் அந்த மாதங்களின் வீட்டுச் செலவை இரண்டு ஆண்டுக்கு முன்பிருந்தே சேர்க்க வேண்டும். சீட்டுப் போட்டிருப்பவர்கள் எடுக்கும் மாதத்தை இதற்கேற்பத் திட்டமிடுகிறார்கள். அது நல்ல யோசனை.

தாதிமைப் பட்டத்தின் இறுதிப் பகுதியில் ஆய்வுத் திட்டம் வரும். சுகாதார அமைச்சின் மருத்துவமனையிலோ கிளினிக்கிலோ தரவு திரட்டுவதானால், தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிந்து, அமைச்சின் மருத்துவ ஆய்வு மற்றும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலைப் பெற வேண்டும். பல்கலைக்கழகத்தின் நெறிமுறை ஒப்புதல் மட்டும் போதாது. மருத்துவமனை இயக்குநரின் அனுமதியும் தனியே வேண்டும். ஒரு கேள்வித்தாளைச் சக தாதியரிடம் கொடுத்து வாங்குவதும் ஆய்வுதான். ஒப்புதல் வருவதற்கு முன் திரட்டிய தரவைப் பயன்படுத்த முடியாது. ஒப்புதலுக்குப் பல வாரங்கள் பிடிக்கும் என்பதால், தலைப்பை முந்தைய பருவத்திலேயே மேற்பார்வையாளரோடு பேசி முடிவு செய்துவிடுங்கள். தலைப்பு சிறியதாக இருக்கட்டும். மூன்று மருத்துவமனைகளில் 400 பேரிடம் கேட்கும் ஆய்வைவிட, உங்கள் பிரிவில் கை கழுவும் பழக்கத்தைப் பற்றிய சிறு ஆய்வு இரண்டு பருவத்தில் முடியும்.

முடித்த பிறகு

முடிவுகள் வெளியானதும், பட்டமளிப்பு விழாவுக்குக் காத்திராமல், படிப்பு நிறைவுக் கடிதத்தைப் பெற்று மனிதவளப் பிரிவிடம் கொடுங்கள். அரசு ஊழியர்கள் பணிப் பதிவேட்டிலும் மனிதவளத் தகவல் முறைமையிலும் புதிய தகுதி ஏறியிருக்கிறதா என்று தாமே திறந்து பார்க்க வேண்டும். ஏறாத தகுதியைப் பதவி உயர்வுக் குழு பார்ப்பதில்லை. வாரியத்தில் கூடுதல் தகுதியைப் பதிவு செய்யும் வசதி இருந்தால் அதையும் செய்துவிடுங்கள். வெளிநாட்டு வாரியங்கள் மதிப்பெண் பட்டியலைப் பல்கலைக்கழகத்திடமிருந்தே நேரடியாகக் கேட்பதுண்டு. சிங்கப்பூருக்கோ பிரிட்டனுக்கோ போகும் எண்ணம் உள்ளவர்கள், பல்கலைக்கழகப் பதிவாளர் அலுவலகத்தில் அதற்கான கட்டணத்தையும் நடைமுறையையும் அங்கு இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளலாம்.